ராடாரின் செவிக்குக் காவல்



வீட்டுக் கூரையின்மேல் நீண்ட ஏரியல் கம்பி கட்டி ரேடியோ கேட்ட நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அந்தக் கம்பி சுவரைத் துளைத்து வீட்டினுள் நுழையும் இடத்தில், சிறிய பீங்கான் சாதனம் ஒன்றைப் பொருத்துவது வழக்கம். அதனுள்ளே இரண்டு உலோக முனைகள் எதிரெதிராக நிற்கும். அவற்றுக்கிடையே நூலிழை அளவு இடைவெளி இருக்கும். ஒரு முனை ஏரியலோடும், மற்றொன்று தரையில் புதைத்த குழாயோடும் இணைந்திருக்கும். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரும் வானொலி அலைகள் மிக மெல்லியவை. அவை அந்த இடைவெளியைத் தாண்ட வல்லன அல்ல. ஆகவே தம் வழியே ரேடியோப் பெட்டிக்குள் சென்றுவிடும். இடியும் மின்னலுமாக வானம் குமுறும்போது கம்பியில் பெரிய மின்னழுத்தம் தோன்றினால், அது இடைவெளியைத் தாவிக் குதித்துத் தரைக்குள் இறங்கிவிடும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். நேராக ஏரியலின்மீதே மின்னல் விழுந்தால் இச்சிறு பீங்கானால் ஒன்றும் செய்ய இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மெல்லியது உள்ளே செல்லட்டும், வலியது வழியிலேயே மடங்கட்டும். எது மெல்லியது, எது வலியது என்று முடிவு செய்ய ஆளும் வேண்டாம், விசையும் வேண்டாம். வருகின்ற அலையே தனக்குரிய கதவைத் திறந்தோ சாத்தியோ கொள்ளட்டும். இந்தச் சூட்சுமத்தின் மிக நேர்த்தியான வடிவத்தை ராடார் என்னும் சாதனத்திலே காணலாம். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ராடார் செய்யும் வேலை யாவரும் அறிந்ததே. ஒரு கணப்பொழுதுக்கு வலிமை மிக்க ரேடியோ அலையை வெளியே வீசுகிறது. பிறகு மௌனமாகிச் செவி சாய்க்கிறது. அலை விமானத்திலோ கப்பலிலோ மழை மேகத்திலோ பட்டுத் திரும்பினால், அந்த எதிரொலி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. அலையை வீசும் பகுதியைப் பரப்பி என்றும், எதிரொலியைக் கேட்கும் பகுதியை ஏற்பி என்றும் அழைப்போம். ஏரியல் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. வாயும் செவியும் ஒரே துவாரத்தின் வழியாகச் செயல்படும் பிராணி ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால் ராடாரின் இக்கட்டு விளங்கும்.

இக்கட்டின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். வானில் விமானங்களைத் தேடும் பெரிய ராடார் ஒன்று, துடிப்பின்போது பத்து லட்சம் வாட் வரை ஆற்றலை வீசுவது உண்டு. தொலைவிலிருக்கும் விமானத்தினின்றும் திரும்பும் எதிரொலியோ, ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு அளவே இருக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் உள்ள விகிதத்தை எழுத வேண்டுமானால், 1 என்னும் எண்ணுக்குப் பின் 19 சுழிகளை இட வேண்டும். யானைக் கூட்டம் ஓடிய தெருவில், அடுத்த நொடியே எறும்பின் காலடி ஓசையைக் கேட்கச் சொல்வதைப் போன்றது இது. அந்த எறும்பின் ஓசைக்காகப் படைக்கப்பட்ட ஏற்பியின் முதற் பகுதி, ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கையே ஓரளவு தாங்கும். எனவே பரப்பி முழங்கும்போது அதன் ஆற்றலில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் ஏற்பிக்குள் கசியலாகாது.

“பரப்பி இயங்கும்போது ஏற்பியை ஒரு சுவிட்சால் துண்டித்துவிட்டால் போதாதா?” என்று வகுப்பிலே கூர்மையான மாணவன் ஒருவன் உடனே கேட்பான். நல்ல கேள்விதான். தந்திக் குறிப்புகளை அனுப்பும் ரேடியோ நிலையங்களில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் ராடாரின் துடிப்பு ஒரு மைக்ரோ விநாடியே, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நீடிக்கிறது. அத்தகைய துடிப்புகள் விநாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் எழுகின்றன. ஒரு மைக்ரோ விநாடியில் ரேடியோ அலை முந்நூறு மீட்டர் ஓடிவிடும். போகவும் வரவும் ஆகையால், நூற்றைம்பது மீட்டர் தூரத்திலுள்ள பொருளின் எதிரொலி அதற்குள் திரும்பிவிடும். இவ்வளவு விரைவாகத் திறந்து மூட உலோக நெம்புகோலால் ஆகுமா?

எளிய தீர்வு, வாயையும் செவியையும் பிரித்து வைப்பது. இங்கிலாந்து 1930களின் இறுதியில் தன் கடற்கரை நெடுகிலும் அமைத்த ‘செயின் ஹோம்’ ராடார் நிலையங்களில் அவ்வாறே செய்தனர். பரப்பிக்கு 360 அடி உயரமுள்ள எஃகுக் கோபுரங்கள். ஏற்பிக்குத் தனியே 240 அடி உயரமுள்ள மரக் கோபுரங்கள். நிலத்திலே இடத்துக்குப் பஞ்சமில்லை. கப்பலின் பாய்மரத்திலும் விமானத்தின் மூக்கிலும் இரண்டு ஏரியல்களுக்கு இடமேது? அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் பேஜ் என்பவர் 1936இலேயே ஒரே ஏரியலைப் பரப்பிக்கும் ஏற்பிக்கும் பொதுவாக்கும் முறையைச் செய்து காட்டினார். 1937இல் ‘லியரி’ என்னும் போர்க்கப்பலில் அத்தகைய ராடாரை ஏற்றிச் சோதித்தனர். அது ஒன்றரை மீட்டர் அலைநீளத்தில் இயங்கியது. அந்த நீளத்தில் ஏற்பியின் முதற் பகுதியாக இருந்தவை சாதாரண வால்வுகளே. அவை சற்றே முரட்டுத்தனமானவை. சிறு அடிகளைப் பொறுத்துக்கொள்ளும்.

நிலைமையை மாற்றியது 1940ஆம் ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டால், பூட் என்ற இருவர் குழிகளுள்ள மாக்னட்ரானை இயக்கி, ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளை வலிமையோடு எழுப்பினர். முதலில் சில நூறு வாட். சில மாதங்களிலேயே பத்து கிலோவாட் அளவுக்கு அது உயர்ந்தது. அலை குறுகினால் ஏரியலும் குறுகும்; விமானத்தின் மூக்கிலேயே அடங்கும் சிறு கிண்ணத்தால் கூர்மையான கற்றையை வீசலாம். மாக்னட்ரானின் புகழ் உலகெங்கும் பரவியதற்குக் குறைவில்லை. அந்தப் புகழின் ஒரு பங்கு ஏற்பியைக் காத்தவர்களுக்கும் சேர வேண்டியது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

பத்து சென்டிமீட்டர் அலையை அக்கால வால்வுகள் சரியாகக் கேட்க இயலவில்லை. அவற்றின் சொந்த இரைச்சலே எதிரொலியை விழுங்கிவிட்டது. எனவே பழைய படிக ரேடியோவின் முறைக்கே பொறியாளர்கள் திரும்பினார்கள். கனிமத் துண்டின்மேல் நுண்ணிய கம்பி முனையைத் தொட வைத்து அலையைக் கண்டறியும் அந்த முறைக்கு நம் நாட்டோடும் உறவு உண்டு. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மிகக் குறுகிய அலைகளை ஆராய்ந்தவர். ஈயக் கனிமமான கலீனாவைக் கொண்ட அலை உணர்வானுக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர். ராடாருக்குச் சிலிகான் படிகத்தையும் டங்ஸ்டன் கம்பியையும் பயன்படுத்தினர். இப்படிகத்தின் கூர்மை அபாரம், மென்மையும் அவ்வாறே. கம்பி படிகத்தைத் தொடும் இடம் வெறுங்கண்ணுக்குத் தெரியாத புள்ளி. அங்கே சிறிது ஆற்றல் பாய்ந்தாலும், பிறந்த வெப்பம் பரவ வழியின்றி அப்புள்ளியையே கருக்கிவிடும். இருப்பில் வைத்திருந்த படிகங்களைக்கூட, அருகில் இயங்கும் ராடாரின் அலை தீண்டிவிடாமல், ஈயத் தகட்டில் சுற்றிப் பாதுகாத்தனர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

1940 ஆகஸ்டில், இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்வானேஜ் என்னும் ஊரின் அருகே, பத்து சென்டிமீட்டர் ராடாரின் முதற் சோதனைகள் நடந்தன. ஒருவர் சைக்கிளில் தகரத் தகடு ஒன்றைத் தாங்கிக் குன்றோரமாகச் செல்ல, அதன் எதிரொலி திரையில் தெரிந்தது. அப்போது பரப்பிக்கு ஒரு கிண்ணம், ஏற்பிக்கு ஒரு கிண்ணம் என அருகருகே இரண்டு வைத்திருந்தனர். விமானத்தில் ஒரு கிண்ணத்துக்கே இடம். எனவே பத்து கிலோவாட் முழக்கத்தின் பக்கத்திலேயே அந்த நொய்ய படிகத்தை உட்கார்த்தி வைத்தாக வேண்டும். படிகத்தைக் காக்க இயலாவிட்டால் மாக்னட்ரான் ஊமையன்று, செவிடு. செவிட்டு ராடாரால் என்ன பயன்?

தீர்வு வந்த வழி சுவையானது. ராபர்ட் சட்டன் என்பவர் ஏற்பிக்குத் தேவையான சிறு அலையை எழுப்புவதற்காகக் கிளைஸ்ட்ரான் வால்வு ஒன்றைச் செய்திருந்தார். கண்ணாடிக் குழாயின் இடுப்பிலே இரண்டு செப்புத் தட்டுகள் பொருத்தி, அவற்றின் நடுவே மிகச் சிறிய இடைவெளி அமைந்தது அது. ஆக்ஸ்போர்டின் கிளாரெண்டன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர்தர் குக், அதே அமைப்பை முற்றிலும் வேறான வேலைக்கு மாற்றினார். வால்வின் உள்ளே வெற்றிடத்துக்குப் பதிலாகக் குறைந்த அழுத்தத்தில் வாயுவை நிரப்பினார்கள். வெற்றிடம் கெட்ட வால்வை ‘மெத்தென்றது’ என்று சொல்வது அந்நாட்டு வழக்கமாகையால், இதற்கு ‘மெத்தென்ற சட்டன் குழாய்’ என்று பெயர் வந்தது. 1941இல் அது பயனுக்கு வந்தது. பிற்காலத்தில் இத்தகைய குழாய்களை டி. ஆர். குழாய் என்றே பொதுவாக அழைக்கலாயினர்.

இது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். பரப்பியிலிருந்து ஏரியலுக்குச் செல்லும் உலோகக் குழலில், வாய்க்காலிலிருந்து கிளை பிரிவதைப் போல, ஏற்பிக்கு ஒரு கிளை பிரிகிறது. அக்கிளையின் வழியிலே டி. ஆர். குழாய் நிற்கிறது. பரப்பி முழங்கியவுடன் செப்புத் தட்டுகளின் இடைவெளியில் மின்புலம் குவிகிறது. வாயுவின் அணுக்கள் சிதைந்து மின்னைக் கடத்தத் தொடங்குகின்றன. ஒரு சிறு ஊதா ஒளி தோன்றுகிறது. கிளையின் நீளத்தை அலைநீளத்தோடு பொருந்துமாறு கணக்கிட்டு வைத்திருப்பதால், வாயு கடத்தியானவுடனே பிரதானக் குழலில் வரும் அலைக்குக் கிளையின் வாய் வெறும் உலோகச் சுவராகிவிடுகிறது. மடை அடைபட்டதும் வெள்ளம் நேரே ஏரியலுக்குப் பாய்கிறது. முழக்கம் நின்றதும் ஒளி அணைகிறது, மடை திறக்கிறது. எதிரொலியால் வாயுவைச் சிதைக்க முடியாது. அது ஓசையின்றி ஏற்பிக்குள் நுழைகிறது. அது பரப்பியின் பக்கம் சென்று வீணாகாதிருக்க இன்னொரு குழாயும் உண்டு. அதன் விவரம் இங்கே வேண்டாம்.

சொல்லும்போது எளிதாயிருக்கிறது. செய்தவர்கள் இரண்டு தொல்லைகளோடு போராடினர். முதல் தொல்லை, கதவு சாத்துவதற்கு ஆகும் தாமதம். வாயு சிதையத் தொடங்க, அதில் ஏற்கெனவே சில எலெக்ட்ரான்களாவது திரிய வேண்டும். அவை இல்லையெனில், முழக்கத்தின் முன்னணி சில நானோ விநாடிகளுக்குத் தடையின்றி உள்ளே பாய்ந்துவிடும். நானோ விநாடி என்பது விநாடியை நூறு கோடியாகப் பகுத்த ஒரு பங்கு. அந்நேரத்தில் ஒளியே ஓரடி தூரந்தான் செல்லும். அவ்வளவு சிறிய கசிவும் படிகப் புள்ளியைக் கருக்கப் போதுமானது. இதற்காகக் குழாயினுள் ஒரு சிறு மின்முனையை வைத்து, ஓயாது மெல்லிய மின்னோட்டத்தை ஓடவிட்டு, எலெக்ட்ரான்களைத் தயாராக வைத்திருந்தனர். நம் கோயில்களில் அணையா விளக்கை ஒரு திரியில் காத்து வைத்திருப்பார்களே, ஏறக்குறைய அதுபோல.

இரண்டாவது தொல்லை, கதவு திறப்பதற்கு ஆகும் தாமதம். முழக்கம் நின்ற பிறகும் வாயுவில் எலெக்ட்ரான்கள் சிறிது நேரம் அலைந்துகொண்டிருக்கும். அதுவரை ஏற்பி செவிடாகவே இருக்கும். ஐந்து மைக்ரோ விநாடி தாமதமானால் எழுநூற்றைம்பது மீட்டருக்குள் இருக்கும் எதுவும் தெரியாது. இரவிலே எதிரி விமானத்தைத் தேடும் விமானிக்கு இதைவிடத் தீங்கு வேறில்லை. அவன் கண்ணுக்கு இருளில் எதிரி புலப்படுவது சில நூறு அடிக்குள்தான். அதற்கு முன்பே ராடார் குருடாகிவிட்டால், அத்தனை தூரம் துரத்தியதும் வீணே. இதற்கு மருந்தாக வாயுவோடு நீராவியைக் கலந்தனர். நீரின் மூலக்கூறுகள் எலெக்ட்ரான்களை விரைந்து பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. ஆனால் இயங்க இயங்க அந்த நீராவி குறைந்துபோகும். ஆகவே குழாய்க்கு ஆயுள் உண்டு. காலம் வந்ததும் மாற்றியாக வேண்டும்.

இங்கேதான் பொல்லாத ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. படிகம் ஒரேயடியாகக் கருகினால் திரை வெறுமையாகிவிடும். பழுது உடனே தெரியும். அவ்வாறின்றி நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கருகினால்? அருகிலுள்ள கப்பலும் மலையும் முன்போலவே பளிச்சென்று தெரியும். இயக்குபவர் ராடார் நலமாயிருப்பதாகவே நம்புவார். தூரத்துப் பொருள்கள் மட்டும் சொல்லாமல் மறைந்துவிடும். விமானத்தினின்றும் வரும் எதிரொலி, தூரம் இருமடங்கானால் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணக்கு. அதையே திருப்பிச் சொன்னால், ஏற்பியின் கூர்மை பதினாறில் ஒன்றாகும்போது பார்வை தூரம் பாதியாகும். இல்லாத எதிரொலியை யாரும் தேடுவதில்லை அல்லவா? இதைக் கண்டறிய எதிரொலிப் பெட்டி என்னும் எளிய சாதனத்தைப் பயன்படுத்தினர். உலோகக் குழி ஒன்று துடிப்பின் ஒரு பகுதியை வாங்கி, மணியோசை தேய்வதைப் போல மெல்ல மெல்லத் திருப்பித் தரும். திரையில் அந்த ரீங்காரம் எவ்வளவு நேரம் தெரிகிறது என்று அளந்தால் பரப்பி, ஏற்பி இரண்டின் நலமும் விளங்கும்.

வேறொரு வினோதமும் உண்டு. ராடார் இயங்காமல் அணைந்திருக்கும்போதும் படிகம் கருகியது. காரணம், அணைத்த நிலையில் அந்த அணையா விளக்கும் அணைந்துவிடும். பக்கத்துக் கப்பலின் ராடார் வீசும் அலை ஏரியல் வழியே நுழைந்து, காவலாளி உறங்கும் வீட்டில் புகுவதைப் போலப் புகுந்துவிடும். அதற்காகக் குழலின் குறுக்கே உலோகத் தகடு ஒன்றை வைத்தனர். மின்சாரம் நின்றதும் அது தானே விழுந்து வழியை மூடும்.

இத்தனை காவல்களோடுதான் பத்து சென்டிமீட்டர் ராடார் 1942இல் இரவுப் போர் விமானங்களிலும், 1943இன் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலின்மேல் பறந்த விமானங்களிலும் ஏறியது. அவ்வாண்டு மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிக் கப்பல்களை இழந்து, வட அட்லாண்டிக்கிலிருந்து அவற்றை விலக்கிக்கொண்டது. அதற்குக் காரணங்கள் பல. ஒன்றரை மீட்டர் அலையை எச்சரிக்கும் கருவியைத் தாங்கிய அந்தக் கப்பல்களுக்குப் பத்து சென்டிமீட்டர் அலை வருவதே தெரியவில்லை என்பது அவற்றுள் ஒன்று.

மனிதன் இவ்வளவு பாடுபட்டுக் கண்டதை இயற்கை முன்பே செய்து வைத்திருக்கிறது. நம் ஊர்ப் பாழடைந்த மண்டபங்களில் தொங்கும் சிறு வௌவால்கள் செவிக்கெட்டாத கூச்சலிட்டு, அதன் எதிரொலியால் பூச்சிகளைப் பிடிக்கின்றன. பக்கத்திலிருக்கும் பூச்சியின் எதிரொலியைக் கேட்க வேண்டிய செவி, தன் கூச்சலாலேயே மரத்துப் போகாதா? ஹென்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1965இல் இதற்கு விடை கண்டு வெளியிட்டார். கூச்சலிடுவதற்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு முன்னதாகவே வௌவாலின் நடுச்செவியிலுள்ள சிறு தசை சுருங்கி, செவி எலும்பை இறுக்கிப் பிடிக்கிறது. கூச்சல் முடிந்ததும் எதிரொலிக்காகத் தளர்ந்துவிடுகிறது. ஓசை வந்தபின் கதவடைப்பது டி. ஆர். குழாய், வருமுன்னரே அடைப்பது வௌவால். எது மேல் என்பதை நேயர்களே சொல்லுங்கள்.

குறைகடத்திகள் வந்த பிறகு காவலாளியின் உருவம் மாறிற்று. இரு புறமும் கலப்புள்ள சிலிகான், நடுவே ஏறக்குறையத் தூய சிலிகான் என்று மூன்று அடுக்காக அமைந்த ‘பின் டயோடு’ என்னும் சிறு துண்டு அது. மெல்லிய அலைக்கு அது இருப்பதே தெரியாது. வலிய அலை வந்தால் நடு அடுக்கில் மின்சுமைகள் நிறைந்து அது கடத்தியாகிவிடும். அலை வந்த வழியே திரும்பும். இதற்கு நீராவி தீரும் கவலையில்லை; அணையா விளக்கும் வேண்டாம். ஆயினும் பத்து லட்சம் வாட்டை நேருக்குநேர் தாங்க இச்சிறு துண்டால் ஆகாது. எனவே பெரிய ராடார்களில் முன்வாயிலில் வாயுக் குழாயும், உள்வாயிலில் டயோடுமாக இரட்டைக் காவல் வைத்தனர். முன்னது வெள்ளத்தைத் தடுக்கும். பின்னது அதன் சிதறலைத் தடுக்கும்.

காவலுக்குக் கூலியும் கொடுத்தாக வேண்டும். கதவு திறந்திருக்கும்போதும் அதன் வழியே வரும் எதிரொலியில் ஒரு பகுதி வீணாகவே செய்யும். அந்த இழப்பு பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், நானூறு கிலோமீட்டர் வரை விமானத்தைக் காணக்கூடிய ராடார் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பார்வை இழக்கும். அதனால்தான் காலியம் நைட்ரைடு என்னும் பொருளால் ஆன பெருக்கிகளைப் பொறியாளர்கள் விரும்புகின்றனர். சில வாட் ஆற்றல் நேரே பாய்ந்தாலும் தாங்கும் உரம் அவற்றுக்கு உண்டு. செவியே திண்மையானதாகிவிட்டால் காவலைச் சற்றுக் குறைத்து, கூலியை மிச்சம் பிடிக்கலாம் அல்லவா?

போர்க்களத்தைவிட நமக்கு நெருங்கிய இடமொன்றிலும் இதே பத்து சென்டிமீட்டர் அலை பயன்படுகிறது. சென்னைத் துறைமுக வளாகத்தில் 2002ஆம் ஆண்டு டாப்ளர் வானிலை ராடார் ஒன்றை நிறுவினர். வங்கக் கடலில் உருவாகும் புயலைக் கண்காணிப்பதற்கானது அது. அதன் பரப்பியும் லட்சக்கணக்கான வாட் ஆற்றலோடு முழங்கக்கூடியது; கேட்க வேண்டியதோ மழைத்துளிகளின் எதிரொலி. மழை மேகம் விமானத்தைப் போல் ஒரு புள்ளியன்று. அலைக்கற்றை முழுவதையும் நிறைத்து நிற்பது. ஆகவே தூரம் இருமடங்கானால் அதன் எதிரொலி நாலில் ஒரு பங்காகவே குறைகிறது. இது ஒரு சௌகரியம். ஆனால் வானிலை ராடாருக்கு மேகம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. எவ்வளவு மழை பெய்கிறது என்றும் சொல்ல வேண்டும். எதிரொலியின் வலிமையை மழையின் அளவாக மாற்றுவதற்கு மார்ஷல், பால்மர் என்ற இருவர் 1948இல் வகுத்த வாய்பாடு இன்றும் பலவிடங்களில் கையாளப்படுகிறது. காவல் பிசகி ஏற்பியின் கூர்மை பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, அந்த வாய்பாட்டில் எண்களை இட்டுப் பாருங்கள். மணிக்குப் பத்து சென்டிமீட்டர் மழை கொட்டும் இடத்தில் ராடார் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் என்றே சொல்லும். திரையிலே வண்ணங்கள் வழக்கம்போல் அழகாகவே இருக்கும். ஏரியின் மதகைத் திறப்பதா, இன்னும் பொறுப்பதா என்று யோசிக்கும் அதிகாரியின் மேசைக்கு அந்த ஆறரைதான் சென்று சேரும். ஆதலால் வானிலை ராடார்களில், அளவு தெரிந்த மெல்லிய அலையொன்றை ஏற்பிக்குள் செலுத்தி அதன் கூர்மையை அடிக்கடி சரிபார்ப்பது வேலையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. வானம் தெளிந்திருக்கும் நாட்களிலும் அதை விடுவதில்லை.